பெரியவருக்குச் சூடு ஆகாது

ஜூன் 3, செவ்வாய்

பாப்பாவுக்குக் கீழ் வரிசையில் இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. சிணுங்கல் அதனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவள் தூங்கியபின் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் என்னால் படுக்க முடிவதில்லை. சில நாள் படுத்த பிறகும் எழுந்து பார்க்கிறேன். பிறகு இன்னொரு தடவை.

இவர் இன்று தாமதமாக வந்தார். வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்கிற அதே குரலில், கை கழுவிக்கொண்டே, "பெரியவர் நடு ரோட்டுல படுத்துட்டார்" என்றார். பெரியவர் என்றால் லாரி. எங்கள் கல்யாணத்தைவிட ரொம்ப மூத்தது, இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. இறக்கத்தில் இன்ஜின் பொட்டென்று நின்றுவிட்டதாம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டதாம்.

"பிரேக்குல காத்து இருக்கும்போதே ஓரம் கட்டிட்டேன். அரை மணி சும்மா கிடந்தார். அப்புறம் ஒரே சாவி, கிளம்பிட்டார்." சிரிக்கிறார் வேறு.

பிரேக் பிடிக்கிற அந்தக் காற்றும் தீர்ந்திருந்தால்? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

பதினாறாம் தேதி மலைப்பாதையில் லோடு. ஒப்புக்கொண்டாயிற்று.

ஜூன் 5, வியாழன்

மறுபடி நின்றது. இந்தத் தடவை ஏற்றத்தில். பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் இருந்ததாம். அதை ஏன் என்னிடம் சொன்னார்?

ஜூன் 8, ஞாயிறு

அண்ணி வந்திருக்கிறார். இவருடைய அக்கா. வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். தெருமுனையில் இறங்கும்போதே குரல் வீட்டுக்குள் கேட்டுவிடும். எனக்குக் கொஞ்சம் பயம்தான் அவரிடம்.

தெரிந்த மெக்கானிக் ஏற்கெனவே டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டார், பம்பையும் மாற்றிவிட்டார். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தனவாம். அண்ணி அதைக் கேட்டு, "பாவம், தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டு ஒவ்வொண்ணா கழட்டியிருக்கான்" என்றார்.

நாள் முழுக்க வாசலில் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு, பெரியவரின் முகத்தையே பார்த்தபடி. பெரியவர் நிற்கவே இல்லை.

"விக்கல்னு டாக்டர்கிட்ட போனா டாக்டர் முன்னாடி நின்னுடும்ல? அந்தக் கதைதான்."

"அப்ப எதனால அண்ணி?"

"தெரியலைம்மா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சொல்லிவிட்டு இரண்டாவது தட்டு சோறும் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

ஜூன் 9, திங்கள்

இதை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் அண்ணி சமையலறைக்குள் வந்து, "தலை காய வைக்கிற மிஷின் வச்சிருக்கியா?" என்றார். குளிக்கப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக வயரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்!

"நின்னது ரெண்டும் மத்தியான வெயில்ல. கொஞ்சம் ஆறினதும் கிளம்பியிருக்கு. அப்ப சூடு ஆகாத பொருள் ஏதோ ஒண்ணு உள்ள இருக்கு. எதுன்னு அதையே கேப்போம்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகச் சூடு காட்டினார். முதலில் வயர்க்கட்டு. ஒன்றுமில்லை. அது ஆறும்வரை காத்திருந்தார். பிறகு இன்ஜின் சுற்றை அளக்கும் சென்சார். ஒன்றுமில்லை. மறுபடி காத்திருப்பு. அவசரமே கிடையாது. நான் கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் படித்தேன். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று பரிசோதனைக் கூடத்தில் தினமும் சொல்வார்கள். அதை ஒருவர் இவ்வளவு அழகாகச் செய்து இன்றுதான் பார்க்கிறேன்.

கடைசியாக, இன்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி. புத்தக அளவுதான், கறுப்பு. சூடான காற்றை அதன்மேல் பிடித்தார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு இன்ஜின் பொட்டென்று நின்றது.

தெருவே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"ஐஸ் இருக்கா?" என்றார். பாப்பாவுக்கு ஊசி போட்ட அன்று ஒத்தடம் கொடுத்த ஐஸ் பையை ஓடிப்போய் எடுத்து வந்தேன். பெட்டியின்மேல் வைத்தார். சாவி போட்டார். ஓடியது. மறுபடி சூடு, நின்றது. மறுபடி ஐஸ், ஓடியது. பாப்பா என் இடுப்பில் இருந்து கை தட்டினாள்.

உள்ளே எங்கோ மின்பாகங்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று ஒன்று முடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கும் என்கிறார். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். உள்ளே முழுக்கப் பசை ஊற்றி அடைத்திருப்பதால் பிரித்துச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும். இந்த வண்டிக்குப் புதிது இப்போது வருவதில்லை. வேறொரு லாரியில் கழற்றிச் செப்பனிட்டது கிடைக்குமாம்.

"நேத்தே ஏன் இதைச் செய்யலை அண்ணி?"

"நேத்து எனக்குத் தோணலையே. ராத்திரி உன் வீட்டு ஃபேன் காத்துல வெந்துக்கிட்டே படுத்திருந்தேன், அப்ப தோணுச்சு. ஃபேனை மட்டும் சரி பண்ணிடாதே."

ஜூன் 13, வெள்ளி

பெட்டி வந்தது. கூடவே ஒரு கூத்தும்.

பழைய பெட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விற்றவரின் பேச்சு. பார்சல் கொண்டுவந்த ஆளிடமே இவர் பழையதைக் கட்டி ஒப்படைத்துவிட்டார். வேலை முடிந்தது என்று பெருமை வேறு. அண்ணி வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"பழசு எங்கடா?"

"அனுப்பிட்டேன்க்கா. சொன்ன தேதிக்கு முன்னாடியே!"

அண்ணி லேப்டாப்பை மெதுவாக மூடினார். விஷயம் இதுதான். இந்தச் சாவிதான் இந்த வண்டியுடையது, எந்த நாசில் எவ்வளவு டீசல் தெளிக்கும் என்பதெல்லாம் பழைய பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் புதியதில் ஏற்றாவிட்டால் பெரியவரே வந்து நின்றாலும் புதுப் பெட்டி இது யாரோ எவரோ என்றுதான் இருக்கும். இன்ஜின் சுற்றும், கிளம்பாது.

"அவசரத்துல பொறந்தவன்டா நீ. ஆஸ்பத்திரி படி ஏறக்கூட அம்மாவுக்கு நேரம் குடுக்கலை. ஓடு!"

ஓடினார், வலது காலில் என் செருப்போடு. பார்சல் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சி, மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஊர் தாண்டியிருக்கும்.

நான் என்றால் எத்தனை நாள் சொல்லிக் காட்டியிருப்பேன்! அண்ணி பெட்டியை வாங்கி, தூசி தட்டி, "சரி, தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

பழையதில் இருந்ததை எல்லாம் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு, புதியதில் ஏற்றினார். ஏற்றும்போது மின்சாரம் விட்டுப்போகக் கூடாது என்று லாரி பேட்டரியோடு இன்னொரு பேட்டரியையும் கோத்து வைத்தார். ஏற்றி முடியும்வரை கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு பேட்டரி வயரைக் கழற்றி, பெட்டியைப் பொருத்தி, கடைசித் திருகாணி வரை கையாலேயே முடுக்கினார்.

ஒரே சாவி. ஓடியது. இவர் பெரியவரின் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்தார். திங்கள் விடியலில் கிளம்பிவிடலாம் என்றார். அண்ணி கை கழுவப் போனார்.

நான் மட்டும் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கலாமா? சிரிப்பார்களா? சிரிக்கட்டும்.

"இதையும் சூடு பண்ணிப் பாக்கலாமா அண்ணி? இதுவும் ஏதோ பழைய லாரியில இருந்ததுதானே..."

இவர் சிரித்தார். "மாப்பிள்ளை இப்பதான் வந்து உக்காந்திருக்கார். அதுக்குள்ள வெந்நீர் ஊத்துறியே?"

அண்ணி சிரிக்கவில்லை. சோப்புக் கையோடு திரும்பி வந்தார். "எனக்கு ஏன் இது தோணலை?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு டிரையரை என் கையில் கொடுத்தார். "நீயே பிடி. உனக்கு எப்ப போதும்னு தோணுதோ அப்ப நிறுத்து. நாங்க ரெண்டு பேரும் சொல்ல மாட்டோம்."

பிடித்தேன். பழையது நின்ற நேரம் தாண்டியது. இன்னும் பிடித்தேன். அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வந்தார். இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தீய்ந்த வாசனை — உயிரே போய்விட்டது எனக்கு. பார்த்தால் டிரையர்! அது புகைந்து நின்றுவிட்டது. பெரியவர் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "நம்பாத ஆள் ஒருத்தர் பட்டறையில இருக்கணும்மா. பாப்பா கொஞ்சம் வளரட்டும், வந்து என்கூட நில்லு." விளையாட்டாகச் சொன்னாரா? அப்படித் தெரியவில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று சாயங்காலம் இவர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். வழியெல்லாம் நல்ல வெயிலாம். "பெரியவர் மூச்சுகூட வாங்கலை" என்றார்.

இன்று காலை பாப்பா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் எழுந்தேன். முடி இன்னும் ஈரம். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே படுத்துவிட்டேன்போல. படுக்கும்முன் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேனா?

யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை.