கறுத்துப்போன அகிலியா

புதன், இரவு

சுமனா அக்கா இன்றும் எங்கள் பூக்கடைக்கு வரவில்லை.

காய்வதற்காக இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்த அகிலியாப் பூக்களுக்கு, மல்லிகைக்குச் செய்வதுபோல் தண்ணீர் தெளித்தது நான்தான். தெளிக்காவிட்டால் வாடிவிடும் என்று நினைத்தேன். எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிட்டன. வெள்ளிக்கிழமைக் கலியாணப் பூச்செண்டுகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

“ஆர் தண்ணி தெளிச்சது?” என்று முந்தாநாள் அம்மா கத்தினார்.

பூச்செண்டு கட்டும் சுமனா அக்கா என் முகத்தைப் பார்த்தார். “அனே, நான்தான் நோனா” என்றார், அம்மாவைச் சிங்களத்தில் அம்மணி என்று அழைத்து.

“பத்து வருசமா கட்டுறீர், இது தெரியாதோ? இனி வரவேண்டாம்.”

போன மாதம் அம்மாவிடம் பிரம்படி பட்ட என் கால்களுக்கு எண்ணெய் பூசியவர் அவர்தான். அவர் பையை எடுத்துக்கொண்டு களனி பஸ்ஸுக்குப் போனார்.

நாளை அம்மா கடை திறக்குமுன், தண்ணீர் தெளித்தது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். நேற்றும் இதையேதான் எழுதியிருக்கிறேன்.