கண்ணாடியின் உட்புறப் பனி

உன் மகள் டொராண்டோவில் விமானம் ஏறிவிட்டாள். விமானத்தின் கதவை மூடுவதற்குச் சற்று முன் அவளே பேசி உறுதி செய்தாள். "மாமா, வீடியோல அப்பா முகமே தெரியல. கண்ணாடியக் கொஞ்சம் தொடைங்களேன்."

அம்பத்தூர் வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் நீ கிடக்கிறாய். உன் முகத்துக்கு நேரே கண்ணாடி வெளுத்திருக்கிறது. துண்டால் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். பெட்டி கொண்டுவந்தவர் என் கையைப் பிடித்தார். "தொடச்சா போவாது அண்ணாத்தே. பனி உள்ள கீது. இப்ப தொறந்தா குளிர் பூடும், பாடி தாங்காது."

எது கனிமம் என்று நமக்குள் எத்தனை சண்டை! குவாரிச் செய்தி ஒன்றில் கருங்கல்லைக் கனிமம் என்று எழுதிவிட்டேன். கல்லூரியில் நிலவியல் நடத்திக்கொண்டிருந்த நீ என் பத்திரிகை ஆபீசுக்கே போன் செய்தாய். "அது பாறைய்யா. பல கனிமம் கலந்தது." அப்படித்தான் பழகினோம்.

ஆவடி ஸ்டேஷனுக்கு வெளியே கரும்பு ஜூஸில் மிதந்த ஐஸைக் காட்டி உன்னை மடக்கப் பார்த்தேன். இது கனிமமா? நீ விரல் விட்டு எண்ணினாய். "திடமா இருக்கு. உயிர்லேர்ந்து வந்ததில்ல. எதால ஆனதுன்னு நிச்சயமா சொல்லலாம். உள்ள ஒழுங்கா அடுக்கியிருக்கு. ஆனா இயற்கையில தானா உண்டாகணும்யா. இமயமலைப் பனி கனிமம். இது மெஷின் செஞ்சது, சேராது."

கடைக்காரர் கரும்பு பிழிவதை நிறுத்தினார். "இன்னா சார், காசு குத்து வாங்கினு வந்த ஐஸ டூப்புன்றீங்க?" நீ சிரித்த சிரிப்பில் ஜூஸ் சட்டையில் கொட்டியது.

இந்தப் பனியை எதில் சேர்ப்பாய்? குளிர் மெஷினுடையது. ஆனால் இதை யாரும் செய்யவில்லை. பெட்டிக்குள் இருந்த ஈரம் தானாகப் படிந்திருக்கிறது. உன்னிடம் கேட்க வாயெடுத்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

எதை எழுதினாலும் உன்னிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டவன் நான். இனி கேள்விகள் மட்டும்தான் என்னிடம் சேரும். அவற்றை இறக்கி வைக்க இடமில்லை. இந்த வயதில் இன்னொருவரோடு சண்டை போட்டுப் பழகவும் முடியாது.

மகள் வந்ததும் பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பனி உருகிவிடும் என்கிறார் பெட்டிக்காரர். அதற்குள் முகம் மாறியிருக்குமா என்று கேட்டேன்.

"அத்த மட்டும் கேக்காதீங்க அண்ணாத்தே."

விமானம் நாளைக் காலை இறங்குகிறது. மதியத்துக்குள் உன்னை எடுத்துவிடுவார்கள். அவள் பார்க்கப்போவது அவளுக்குத் தெரிந்த முகம்தானா என்பதை இதுவரை யாரும் உறுதி செய்யவில்லை.