லில்லித் தொட்டியும் பஞ்சுவும்

ஜனவரி 4, ஞாயிறு
காலையில் லேசான குளிர். ஃபேன் போடவில்லை.
நவி மும்பை ஐரோலியிலிருந்து ஜைனப் வந்தாள், என் வீட்டுக்காரருடைய தங்கை. எங்கள் சுனாபட்டி வீட்டுப் படியேறி மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் மகளைத் தன் மகனுக்குக் கேட்டாள், மகள் சம்மதிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சே இல்லை. இன்று கையில் ஒரு லில்லித் தொட்டியோடு நின்றாள். ஆறு மொட்டு. பழசை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மீன் குழம்பை இன்னொரு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டாள். அது போதும் எனக்கு.
தொட்டி பால்கனியில், செம்பருத்திக்குப் பக்கத்தில்.

ஜனவரி 7, புதன்
முதல் பூ. வெள்ளை. வீடு முழுக்க வாசம்.
மதியம் நம் பூனை பஞ்சு இரண்டு முறை வாந்தி. அதில் இலைத் துண்டு. மூக்கில் காவி நிறத்தில் பூவின் பொடி. செம்பூரில் இருக்கும் பூனை டாக்டருக்கு ஃபோன். என்ன செடி என்று ஹிந்தியில் கேட்டார். செம்பருத்தியும் லில்லியும் என்றேன். செம்பருத்தியால் பயமில்லை, லில்லி என்றால் உடனே கிளம்புங்கள் என்றார். ஆட்டோ. துண்டில் சுற்றியபடி மடியில். வழியெல்லாம் துஆ ஓதிக்கொண்டே.
இலை, பூ, பொடி, தொட்டித் தண்ணீர் எல்லாமே பூனையின் கிட்னிக்கு விஷமாம். எனக்குத் தெரியவே தெரியாது. சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாயிற்று. மூன்று நாள் அங்கேயே வைத்து டிரிப்ஸ்.
திரும்பியதும் முதல் வேலை: தொட்டியைப் பாத்ரூமில் வைத்துக் கதவை மூடியது.

ஜனவரி 8, வியாழன்
இவர் தாராவி ஒர்க்‌ஷாப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் பஞ்சுவின் கூண்டருகே உட்கார்ந்திருந்தார். பூனையெல்லாம் வேண்டாம் என்று சண்டை போட்ட மனுஷன்.
ஜைனப் ஃபோன். “பூத்துட்டா மைனி?” பூத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். செடி பட்டுப்போச்சுன்னு சொல்லிடு, மறுபடி எதுக்கு வம்பு என்கிறார் இவர். மனசு கேட்கவில்லை.

ஜனவரி 10, சனி
ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. பஞ்சு வீட்டில்! வந்ததும் ஃபிரிட்ஜ் மேல் ஏறியாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.
வாங்க: பால்கனிக்கு வலை, மீன், சோப்பு.
சாயங்காலம் ஜைனப்புக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன் மேல குத்தமில்ல, எங்களுக்கும் தெரியாது, ஆனால் செடியை இங்கே வைக்க முடியாது என்றேன்.
“அன்னைக்கே ஏன் மைனி சொல்லல? நான் என்ன அசலாளா?”
நாளைக்கு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். கோபமா, வருத்தமா, பிடிபடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு
காலை பத்துக்கே வந்துவிட்டாள், அட்டைப்பெட்டியோடு. நேரே பஞ்சுவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஊசி போட முடி மழித்த இடத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பஞ்சு அவள் துப்பட்டாவில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் அவள் அசையவில்லை, டீயும் அங்கேயே.
செடியைப் பெட்டியில் வைத்துக் கட்டினோம்.
“எங்க ஒம்பதாவது மாடில பூனையே கெடையாது. மிச்ச மொட்டு அங்க பூக்கட்டும். பாக்கணும்னா நீங்க ரெண்டு பேரும்தான் வரணும்.”
இவர் எப்போ வர என்று கேட்டார். நாளைக்கே வாங்களேன் என்றாள்.
ஒர்க்‌ஷாப்புக்கு லீவு சொல்லியாயிற்று. பஞ்சுவுக்கு மருந்து காலை எட்டு மணிக்கு. கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மத்தியானச் சாப்பாடு ஜைனப் வீட்டில்.