இரண்டடி

பிப்ரவரி 11

பக்கத்து வீட்டு டீச்சரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். அவர் மனையில் இரண்டடியை வளைத்து நான் அறை கட்டியிருக்கிறேனாம். முப்பத்தொரு வருஷம் ஊரார் நிலத்தை அளந்து கல் நட்ட சர்வேயர் நான்! போன வாரம் நேரில் வந்து, "அண்ணா, இன்ஜினியர் அளந்ததுல ரெண்டடி குறையுது. சேர்ந்து ஒரு தடவை அளந்து பாத்துடலாமா?" என்று தன்மையாகத்தான் கேட்டார். "உங்க இன்ஜினியர் பொறக்கறதுக்கு முன்னாடியே டேப் புடிச்சவன் நான்" என்று கத்திவிட்டேன்.

பிப்ரவரி 14

"டீச்சர் ஏன் வரல?" என்கிறாள் என் மனைவி. கை கால் விழுந்து மூன்று வருஷம். அவளுக்கென்று கட்டிய அந்த அறையும் கட்டிலும்தான் உலகம். சாயங்காலம் டீச்சர் வந்து உட்கார்ந்தால்தான் குழறியாவது நாலு வார்த்தை பேசுவாள். "மக வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

மார்ச் 6

அறை கட்டும்முன் எடுத்த பழைய அளவுக் குறிப்பைத் தேடி எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

அப்போது என்னிடம் இருந்த டேப்புக்கு நுனியில் ஓரடி கிடையாது, அறுந்துபோனது. ஒன்றிலிருந்து பிடித்து, கடைசியில் ஒன்றைக் கழிப்போம். டீச்சர் மனை அறுபதடி. இரண்டு பிடியாக அளந்து, முப்பது, முப்பது என்று எழுதியிருக்கிறேன். கழிக்கவே இல்லை! உண்மையில் ஒவ்வொன்றும் இருபத்தொன்பதடிதான். பிடிக்கு ஓரடி வீதம் இரண்டடி அவருக்குக் குறைந்துவிட்டது. இவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். ஓடி வந்து அளந்துவிட்டு ஓடினேன்.

மார்ச் 7

சொல்லிவிடலாமா?

மார்ச் 9

என் வக்கீலிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "தெரியாம கட்டினாலும் அடுத்தவங்க இடம் அடுத்தவங்க இடம்தான் சார். இடிக்கணும், அனுபவிச்ச வருஷத்துக்கு ஈடும் குடுக்கணும். தெரிஞ்சே இழுத்தடிச்சா இன்னும் மோசம்."

"என் அளவு சரி. கேஸை நடத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அறையை இடித்தால் இவளை எங்கே கிடத்துவது? அதனால்தான் மறைத்தேன். அதனால் மட்டும்தானா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன்தானே நான்.

ஜூன் 20

"அது டீச்சர் இருமற சத்தம்" என்றாள், சுவரைக் காட்டி.

"இல்லம்மா, வேற யாரோ."

பாவி நான்.

செப்டம்பர் 18

கோர்ட் அனுப்பிய சர்வேயர் வந்து அளந்தார். இரண்டடி. என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார். வாசலில் நின்றிருந்த டீச்சரும் உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 3

தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் இடிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஈடும் உண்டு.

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அப்போ இத்தனை நாளும் நான் டீச்சர் இடத்துலதான் படுத்திருக்கேனா?" என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே... நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

சரி என்றேன்.

அக்டோபர் 4

போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அக்டோபர் 5

டீச்சர் வீட்டு கேட் வரை போய்த் திரும்பினேன். நாளைக்குக் கட்டாயம்.

அக்டோபர் 6

காலையில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. போய்விட்டாள்.

டீச்சர் வந்து கால்மாட்டில் நின்றார்.

அக்டோபர் 19

இன்று இடிக்க ஆரம்பித்தாயிற்று. சுவரில் பாதி விழுந்தபோது அந்தப் பக்கம் டீச்சர் நின்றிருந்தார்.

"இவ்வளவு அவசரமா எதுக்கு அண்ணா? ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்காங்களே."

டீச்சர் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டாங்களா?"

இன்னொரு பொய் வரவில்லை. "தினமும் கேட்டா. நீங்க மக வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்."

டீச்சர் செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் இங்கதானே இருந்தேன் அண்ணா... சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்."

கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.