கலங்கல் என்று நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய்

என் செல்லச் செல்விக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் கண்காட்சி நடந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, நீ ஆசைப்பட்ட அதே நூலக மாடியில். பதினோரு மணிக்கே போண்டா தீர்ந்துபோகிற அளவுக்குக் கூட்டம். நான் தனியாக மைக் பிடித்து மூன்று நிமிடம் பேசினேன் என்றால் நம்புவாயா?

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ ஏரிப் பாசனத்தில் பயிர்செய்த குடும்பத்துப் பெண். நான் அந்த ஏரியின் மேலும் வயல்களின் மேலும் எழுந்த காலனியில் வளர்ந்தவள். நீ ‘எங்க ஊரு’ என்பாய், நான் ‘எங்க ஏரியா’ என்பேன். “ஏரியத் தூத்துட்டு ஏரியான்னு பேர் வெச்சுக்கினீங்களாடி?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாய்.

அந்தக் கேலியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஏரி இருந்த காலத்துக் கதைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போனோம். பழைய புகைப்படங்கள், பட்டாக்கள், கல்யாணப் பத்திரிகைகள், எது கிடைத்தாலும் போனில் பதிந்துகொண்டோம். நீ ஆட்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்வாய், கூடவே நோட்டில் குறிப்பும் எடுப்பாய். நான் லேப்டாப்பில் அடிப்பேன். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போன பிறகு ஒரு பதிவைக்கூட நான் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் உன் குரல் இருக்குமே! கேட்டால் என்ன ஆவேனோ என்று பயம். உன் நோட்டை மட்டும் பார்த்து அடித்தேன். அதோடு விட்டேனா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘கீது’ எல்லாம் ‘இருக்கிறது’ ஆயிற்று, ‘வூடு’ எல்லாம் ‘வீடு’ ஆயிற்று. நல்ல தமிழில் இருந்தால் மரியாதை என்று நினைத்தேன். யாருக்கு மரியாதை?

சனிக்கிழமை மதியம் படங்களை மாட்டிக்கொண்டிருந்தோம். உன் மல்லிகா அத்தை தன் ஹார்டுவேர் கடையைப் பூட்டிவிட்டு, தான் கொடுத்த படத்தைப் பார்க்க வந்தார். உனக்குத் தெரியுமே, ஏரிக்கரையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு பெண்கள், பின்னால் திருநீர்மலை, கோயில். அதில் இரண்டாவதாக நிற்கிறவர் அவர்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் கீழே நான் அச்சடித்து ஒட்டியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

“‘நாங்கள் கலங்கிய நீரில்தான் குளித்தோம், துணி துவைத்தோம்.’ இன்னாம்மா இது? நாங்க இன்னா எருமையா, சேத்துல குளிக்கிறதுக்கு?”

“நீங்க சொன்னதுதான் அக்கா. கலங்கல்ல குளிச்சோம்னு...”

“அய்ய! கலங்கல்னா இன்னான்னு நெனச்ச?”

“கலங்கின தண்ணி.”

ஏணிமேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் சிரித்தே விட்டார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகக் கரையில் கட்டியிருக்கும் கற்கட்டுக்குத்தான் கலங்கல் என்று பெயர் என்பது அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஏரியாக்காரி எனக்குத் தெரியவில்லை.

அத்தை சிரிக்கவில்லை. ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். “எங்க ஏரித் தண்ணி கண்ணாடி கணக்கா போவும். அத்தப் போயி இப்டி எழுதி ஊருக்கே காட்டுவியா? செல்வி இருந்தா இத்த வுட்டிருப்பாளா?”

அவர் படத்தை எடுத்துப் போனால், அவரை நம்பிக் கொடுத்த மற்ற வீட்டுக்காரர்களும் வந்து எடுத்துக்கொள்வார்கள். பாதிச் சுவர் காலியாகும். அதைவிட, உன் பெயரில் நடக்கிற காரியத்தில் உன் ஜனங்கள் இருக்கமாட்டார்கள்.

பையிலிருந்து உன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ‘கலங்கல்லதான் குளிப்போம், துணி தொவைப்போம்.’ உன் சாய்ந்த எழுத்து. மேலே என் சிவப்புக் கோடு.

“இது செல்வி எழுதினது. இந்தச் செவப்பு?”

“நான்தான் அக்கா.”

எழுத்தை விரலால் தடவினார். பிறகு, “அன்னிக்குப் பேசினது போன்ல கீதா?” என்று கேட்டார்.

“கீது” என்றேன். என் வாயில்தான் வந்தது, செல்வி!

போனில் பதிவைத் திறந்தேன். அவசரத்தில் முதலில் வேறு எதையோ அழுத்தினேன். பிறகு நீ வந்தாய்.

“அத்தை, இரு இரு, ஓடாத. எழுதிக்கினு கீறேன்ல?”

“நீ ஆமை மாதிரி எழுதினா நான் இன்னாடி பண்றது, கழுத!”

அப்புறம் உன் சிரிப்பு. மூச்சு முட்டுகிறவரை போகுமே, அது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பாத்தியா, என்னையே மெரட்டறா” என்றார். நொறுங்கிப்போவேன் என்று இத்தனை நாள் பயந்தவள், உன்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். ஏணியிலிருந்தவரும் இறங்கி வந்து கேட்டார்.

படம் ஆணிக்குத் திரும்பியது. அச்சடித்த தாளைக் கிழித்துவிட்டு, அத்தை சொல்லச் சொல்ல ஒரு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். மற்ற படங்களின் கீழேயும் உன் நோட்டில் இருந்தபடியே மாற்றி எழுதினோம். என் கையெழுத்து கோணலாகப் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு பேங்க் சார் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். “இந்தக் கலங்கல் எக்ஸாக்டா எங்க இருந்ததும்மா?” என்று கேட்டார்.

“உங்க போர்டிகோவுலதான் சார்” என்றார் அத்தை. “அதான் மழை வந்தா தண்ணி உள்ள வந்து உங்கள விசாரிச்சுட்டுப் போவுது.”

சார்தான் முதலில் சிரித்தார். மறுநாளே தன் வீட்டுப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். கிழக்கு எல்லை என்ற இடத்தில் ‘கலங்கல் கால்வாய்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போயிருக்கிறார்.

இனி நான் கேட்க வேண்டியவை இருபத்தாறு பதிவுகள். ஞாயிறுக்கு ஒன்றாக, காதால் கேட்டு, அவரவர் சொன்னது சொன்னபடியே அடிப்பேன். புரியாத சொல் வந்தால் அத்தையின் கடைக்குப் போய்க் கேட்பேன், திட்டு வாங்குவேன். நீ குறுக்கே பேசிய இடங்களையும் விடமாட்டேன். சிரித்த இடத்தில், சிரிக்கிறாள் என்று எழுதி, உன் பெயரையும் போடுவேன். இது சத்தியம்.

உன்னைவிடப் பதினோரு நாள் மூத்தும், ஒரு தடவைகூட உன் வாயால் ‘அக்கா’ என்று கூப்பிடப்படாத
உன் அக்கா,
வித்யா