கடைசி அறைக்கு இரண்டு ரேடியேட்டர்

தப்ரீஸ்,
பஹ்மன் மாதம் 19

என் கண்ணு சோல்மாஸுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஆய்தாவும் அந்தக் கடற்கரை வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம், தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பனி. உன் அம்மாவுக்கு என்னிடம் குளிர் விட்டு முப்பது வருஷம் ஆகிறது, வீட்டுக்குத்தான் இன்னும் விடவில்லை.

போன வாரம் உன் சித்தி வந்து எங்கள் அறையில் பெட்டியைப் பரப்பிவிட்டாள், அதனால் மத்தியானம் உன் அறையில் போய்ப் படுத்தேன். அரைமணி நேரத்தில் எழுந்து மேல்கோட்டைத் தேடினேன். அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் நேற்று ஊற்றி வைத்த டீ மாதிரி இருந்தது. ஜன்னல் இடுக்கில் என்னவோ பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று இழுத்தேன், உன் கம்பளித் துப்பட்டா, கிழித்துக் கிழித்துத் திணித்திருந்தாய். யல்தா ராத்திரி விருந்துக்குக் குழந்தையோடு வந்தாயே, அப்போது செய்த வேலை, இல்லையா? அறை சூடா இருக்காம்மா என்று கேட்டேன், நல்லாயிருக்குப்பா என்றாய், நானும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். விருந்தாளி டீ வேண்டாமென்றால் மூன்று தரம் கேட்காமல் விடாதவன் நான், பெற்ற மகளை ஒரே தரம்தான் கேட்டேன். மூன்றாம் நாள் இருமுகிற குழந்தையோடு நீ கிளம்பினபோது, மாப்பிள்ளைக்கு வேலை என்று நீ சொன்னதையும் அப்படியே நம்பினேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது விருந்தாளி ஹாலில் கூடுதலாக இரண்டு ரேடியேட்டர் மாட்டினேனே, அன்றைக்கே பாய்லர் மேஸ்திரி உஸ்தா பஹ்லூல் எச்சரித்தார். ஐயா, பாய்லர் என்ன ஒட்டகமா ஏத்திக்கிட்டே போக, இங்க ரெண்டு கூட்டினா கடைசி அறை பட்டினி கிடக்கும் என்றார். அது நம்ம பொண்ணு அறைதானே, அவ அனுசரிச்சுக்குவா என்று சொன்னவன் நான்தான். வருஷத்தில் பத்து நாள் திறக்கிற ஹாலுக்கு ஆறு, நீ தினமும் படுத்த அறைக்கு ஒன்று. உனக்கு வந்த கணக்கைப் பார்த்தாயா.

உஸ்தாவை மறுபடி கூப்பிட்டேன். புதிதாக வாங்கி மாட்டினால் சூடு கூடாது, பங்குதான் குறையும் என்றார். அதனால் ஹாலில் இரண்டைக் கழற்றி உன் அறையில் மாட்டச் சொன்னேன். குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, ஹாலுக்குப் போகிற வால்வைக் கொஞ்சம் திருகி அடக்கியதும் உன் அறையில் கை வைக்க முடியாத சூடு. சுவரில் கழற்றின இடம் இரண்டு வெள்ளைக் கட்டமாகப் பல்லிளிக்கிறது. வர்றவங்க என்ன நினைப்பாங்க, மானம் போச்சே என்று உன் அம்மா புலம்பினாள், கோட்டைப் போட்டுக்கிட்டு நினைக்கட்டும் என்றேன்.

அவள் சும்மா இருப்பாளா. குளிருக்கு மட்டுமா அவ போனா, நீங்க பேசினது மறந்துடுச்சா என்றாள். எனக்கு மறந்துதான் போயிருந்தது. ஹால் நிறைய ஆட்கள் தர்பூசணி தின்றுகொண்டிருக்க, குழந்தை இருமினபோது, துறைமுகத்துச் சரக்கு, இதுக்கெல்லாம் தாங்காது, தாய் பொத்திப் பொத்தி வளர்க்கிறா என்று சொன்னேனாம். எல்லாரும் சிரித்தார்களாம். நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே போய்விட்டாயாம். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, எழுந்து உன் பின்னால் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் என் கையே சொல்லியிருக்கும் அந்த அறை எப்படி இருந்தது என்று. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வருவாயா? வர மனமில்லை என்றால் அதையும் எழுது, மாப்பிள்ளை வேலையைச் சாக்கு சொல்லாதே. திட்டி எழுதினாலும் சரி, நல்லாயிருக்குப்பா என்று மட்டும் எழுதாதே.

குழந்தைக்கு என் முத்தம். நீ நூறு வருஷம் நிறைவாக வாழவேண்டும். இருமல் மிச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டத் தள்ளிப்போடாதே.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் தொந்தரவு செய்யும்,
உன் அப்பா
ரஸூல்