எரிந்த பிறகு படியிறங்கிய பேய்

என் கூடப்பிறந்த குரலே, வேலு அண்ணே,

உங்கள் பேச்சைத் திருடிவிட்டார்கள். திருடியவன் குணாளன், உங்கள் படவண்டியை ஓட்டிய மாரிமுத்துவின் மகன். அந்த ஆங்கிலப் பேய்ப் படத்துக்கு நீங்கள் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக மைக்கில் சொன்ன தமிழ்க் கதையை, தன் அப்பா சொன்னதாகப் போஸ்டர் அடித்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டுத் தானே மைக் பிடித்துப் பேசினான். கைதட்டலும் வாங்கினான். நான் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவள். மிச்சத்தைப் பழைய பேப்பரை எழுத்துக்கூட்டி நானே படித்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன கதையை வரி விடாமல் நோட்டில் எழுதி வைத்ததும் இந்தக் கைதான். உங்கள் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வந்தவன், "படிச்சிட்டுத் தரேன் அத்தை, ரெண்டே நாள் லா" என்று அந்த நோட்டை வாங்கிப் போனான். உங்கள் படத்துக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் கேட்டான். நானும் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்துத் திடல் நினைவிருக்கிறதா அண்ணே? நான்கு ரீல் படம், கறுப்பு வெள்ளை. மாளிகைக்காரன் ஒருவன் செத்த பிறகு கல்லறையை விட்டு எழுந்து வருகிற கதை. மூன்றாவது ரீலில் பேய் மெழுகுவத்தியோடு படியிறங்கி வரும். நான்காவதில் மாளிகையோடு எரிந்து சாம்பலாகும். டப்பாமேல் இருந்த எண்ணைப் பார்க்காமல் நீங்கள் மூன்றாவதற்கு முன்னால் நான்காவதை மாட்டிவிட்டீர்கள். பேய் எரிந்தது. சனங்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த ரீல் ஓடியது. எரிந்த பேய் நிதானமாகப் படியிறங்கி வந்தது.

"என்னப்பா வேலு, செத்தவன் எந்திரிச்சு நடக்கிறான்? ரீலை மாத்திட்டியா?" என்று தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கத்தினார்.

நீங்கள் அசரவில்லை. "எரிஞ்சு போச்சுன்னு நெனச்சீங்களா மண்டோரே? எரிச்சா மட்டும் போதுமா? பதினாறு கும்பிட்டீங்களா? கருமக்கிரியை பண்ணாம விட்டா, அது படியிறங்கி வராம என்ன பண்ணும்?"

சுருட்டிய பாய்கள் மறுபடி விரிந்தன. மறுவாரமே அடுத்த தோட்டத்திலிருந்து ஆள் வந்து, "அந்தக் காரியம் பண்ணாத பேய்ப் படத்தை எங்களுக்கும் போடுங்க" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் வேண்டுமென்றே ரீலை மாற்றித்தான் போட்டீர்கள். தவறு உங்களுடையது. தவறைக் கதையாக்கிய வாயும் உங்களுடையது. மாரிமுத்து நல்ல மனிதர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மைக்கைக் கண்டால் லோரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இப்போது அவரும் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார். மகன் செய்ததை அவரிடமே கேளுங்கள்.

மண்டபத்தில் என்ன நடந்தது தெரியுமா? இப்போது ரீலும் இல்லை, டப்பாவும் இல்லை. படம் கம்ப்யூட்டரில் சரியான வரிசையில் ஓடுகிறது. குணாளன் அதற்குத் தக்கபடி நம் நோட்டை முன்பின்னாக மாற்றிக்கொண்டான். அந்த வரியை மட்டும் விட அவனுக்கு மனம் வரவில்லை. மாளிகை இன்னும் எரியவேயில்லை. பேய் படியிறங்கியது. "எரிஞ்சு போச்சுன்னு நெனச்சீங்களா?" என்று உங்களைப் போலவே இழுத்துக் கேட்டான்.

முன்வரிசையில் ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்: "எப்ப எரிஞ்சிச்சு? நான் டாய்லெட் போனப்பவா?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் முடிந்ததும் எழுந்து நின்றேன்.

"குணா, எரியாத பேயைக் காட்டி உங்கப்பா ஏன்டா அப்படிக் கேட்டாரு?"

"அது வந்து அத்தை... அந்தக் காலத்து ஸ்டைல் லா. முன்கூட்டியே சொல்லிப் பயமுறுத்துறது."

"எந்தத் தோட்டத்து ஸ்டைல்? எத்தனாவது ரீலு?"

மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். காட்சியை நடத்திய சங்கத்தின் தலைவர் ஓடிவந்தார். "ஆன்ட்டி, ரெண்டு பேருமே இப்ப இல்லை. யாரு பேரு இருந்தா என்ன? தமிழ் வாழுதுல்ல? வாங்க, டீ சாப்பிடுங்க." நான் டீயைத் தொடவில்லை. கிள்ளானுக்கு ரயிலேறி வீடு வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"விட்ருங்கம்மா, மாமா பெரிய மனசுக்காரரு, மன்னிச்சிருப்பாரு" என்கிறான் என் மகன். மன்னித்துவிட்டீர்களா அண்ணே? ஒரு தோட்டத்தில் உங்கள் பெயரைத் தப்பாக அறிவித்ததற்கு, திருத்திச் சொல்லும்வரை படத்தை ஓட்ட மாட்டேன் என்று ப்ரொஜெக்டர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவர் நீங்கள். அந்த மனிதரா மன்னிப்பார்?

அடுத்த காட்சி கிள்ளானில், நம் ஊரிலேயே. கதையை அவன் அப்பா பெயரில் புத்தகமாகவும் போடப்போகிறானாம். அச்சேறிவிட்டால் உங்கள் வாய் வேறொருவர் வாயாகிவிடும். அதனால்தான் பேப்பரில் ஊரறிய எழுதுகிறேன்.

குணாளன் அந்த நோட்டைத் தன் கையாலேயே என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தபாலில் வந்தால் வாங்க மாட்டேன். கிள்ளானில் பேய் படியிறங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, ரீல் மாறிய கதையைச் சொல்லி, "இது வேலு பெரியப்பா பேச்சு" என்று அதே மைக்கில் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர் பழைய போஸ்டரைக் கிழிக்க வேண்டும், நான் பார்க்கக் கிழிக்க வேண்டும். அச்சகத்துக்காரர் பெயரை மாற்றாமல் மெஷினை ஓட்டக் கூடாது. அன்று அந்தத் திடலில் பாய் விரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். என் மகன் என்னைக் காரில் கொண்டுபோய் முன்வரிசையில் விட வேண்டும், வாயைத் திறக்காமல்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான் அண்ணே. அடங்கிப் படுக்காதீர்கள். நான் பண்ணிய கருமக்கிரியை செல்லாது. நோட்டு வீடு திரும்பும்வரை உங்கள் பதினாறு முடியவில்லை. அதுவரை அந்தப் படம் எந்த ஊரில் ஓடினாலும், பேய் படியிறங்கும்போது நான் எழுந்து நிற்பேன். இது சத்தியம்.

உங்களுக்கு இன்னும் பதினாறு கும்பிடாத தங்கை,
செல்லம்மா
கிள்ளான்